பூச்சுக் காயாத மதில்

அன்பு மகனுக்கு,

உன் கல்யாணச் சட்டை முடிந்துவிட்டது. கழுத்துப்பட்டி சரியாக உட்காரவில்லை என்று இரண்டு தரம் பிரித்துத் தைத்தேன். நாற்பது வருடமாக ஆரையம்பதிக்கே தைக்கிற மனிசனுக்குச் சொந்த மகனின் கழுத்துத்தான் பிடிபடவில்லை என்று உன் அம்மா சிரிக்கிறாள். சட்டையின் உள்பக்கம், இடது மார்போடு ஒட்டினாற்போல, ஒரு சின்னப் பொக்கற் வைத்திருக்கிறேன். தோழன் மோதிரத்துக்காக. வாசலில் நிரோசாவின் தம்பி சுதன் தோழனாகக் குனிந்து உன் காலைக் கழுவி நிமிரும்போது, நீ அவன் விரலில் போட வேண்டிய மோதிரத்தை எங்கே வைத்தோம் என்று வேட்டி மடிப்பெல்லாம் தடவிக்கொண்டு நிற்கக் கூடாது. என் கல்யாணத்தில் நான் அப்படித்தான் நின்றேன். ஊரே சிரித்தது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீயும் நானும் போனில் மூன்றாவது வசனத்திலேயே சத்தம் போடத் தொடங்கிவிடுவோம். அது உனக்கு என்னிடமிருந்து வந்த குணம். எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் கோபத்தில் போனை வைத்துவிட முடியாது. அதனால் எழுதுகிறேன். பொறுமையாக வாசி. துறைமுகத்தில் என்ஜினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நடுவிலே வாசிக்காதே. கையைக் கழுவிவிட்டு, ஓரிடத்தில் இருந்து வாசி.

போன வியாழக்கிழமை நிரோசாவின் அம்மா போன் எடுத்தார். முதலில் மண்டபத்தைப் பற்றிப் பேசினார், பிறகு சமையலுக்கு வருகிற ஆட்களைப் பற்றி. பிறகு குரல் தாழ்ந்தது. "அண்ணன், ஒண்டு சொன்னாக் கோவிக்கப்படா. மருமகன் குறூப்பில எழுதினதப் பாத்தீங்களா? சுதன் ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல்ல. தோழனா நிக்க மாட்டானாம். அவர அத்தான் எண்டு கூப்பிட வாய் வராதாம். நிரோசா ஒரு பக்கத்தால அழுதுகொண்டு இரிக்கிறா. நான் ஆருக்கெண்டு சொல்ற?" "நான் பாக்கிறன், தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன். பிறகு உன் அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தேன். கல்யாண வேலைகளுக்காக இரண்டு குடும்பமும் சேர்ந்து தொடங்கிய குறூப். அதில் சுதன் ஏதோ கூட்டத்தில் தன் தலைவரோடு நிற்கிற படத்தைப் போட்டிருக்கிறான். போட்டிருக்கத் தேவையில்லை, அது கல்யாணக் குறூப். ஆனால் அதற்குக் கீழே நீ எழுதியிருப்பதை வாசித்தபோது எனக்கு முகம் சுட்டது. "சோத்துப் பார்சலுக்குக் கை தட்டுற கூட்டம்" என்று எழுதியிருக்கிறாய். நான் பார்த்த நேரம் உன் பெரியம்மா, அவன் சித்தப்பா, சமையல்காரர் உட்பட இருபத்தெட்டுப் பேர் வாசித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் கையைத் தட்டுகிற படம் வேறு போட்டிருந்தார்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, மகன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் கையில் அப்படிப்பட்ட குறூப் இருந்திருந்தால் அதைவிட மோசமாக நான் எழுதியிருப்பேன். குறூப் இல்லாததால் மதிலில் ஒட்டினேன். அந்தக் கதையைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன். பாதி உனக்குத் தெரியும். மறுபாதி போன வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கே தெரியாது.

நம் பக்கத்து வழக்கம் உனக்குப் புதிதில்லை. வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கல்யாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போவான். இன்னும் பன்னிரண்டு நாளில் நீ நிரோசாவின் வீட்டுக்குப் போகிறாய். அந்த வீட்டைச் சுதனும் அவன் அப்பாவும் மீன் பிடித்த உழைப்பில் கட்டினார்கள். நானும் முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் அப்படித்தான் ஒரு தையல் மெசினையும் இரண்டு கத்திரிக்கோலையும் எடுத்துக்கொண்டு உன் அம்மாவின் வீட்டுக்கு வந்தேன். நீ பிறந்து வளர்ந்த இந்த வீட்டைக் கட்டியது உன் தருமு மாமா. அப்போது அவனுக்கு இருபது வயது. அக்காவுக்கு வீடு முடிகிற வரைக்கும் தனக்கு ஒரு புதுச் சட்டைகூட வேண்டாம் என்றவன். சீமெந்துக் கல்லைத் தானே அச்சில் வார்த்து, தானே காயவைத்து, தானே அடுக்கினான். மேசன் வேலையை அந்த வீட்டில்தான் பழகினான். குசினிச் சுவர் கொஞ்சம் சாய்ந்திருப்பது அதனால்தான். பிறகு என் கல்யாணத்தில் அவனேதான் தோழன். என் காலைக் கழுவிவிட்டு நிமிர்ந்து, நான் மோதிரத்தைத் தேடுவதைப் பார்த்து முதலில் சிரித்தவனும் அவன்தான்.

நான் அந்த வீட்டுக்குள் வந்தேன். என்னோடு அரசியலும் வந்தது. சந்தியில் இருந்த என் கடையை நீ மறந்திருக்க மாட்டாய். தைக்க வந்தவர்களைவிடக் கதைக்க வந்தவர்கள்தான் அதிகம். தேர்தல் வந்தால் கொடி தைப்பேன், பதாகை தைப்பேன், அதைக் கட்டவும் போவேன். எதிர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் கால்சட்டை தைக்கத் தந்தார் என்பதற்காக மூன்று மாதம் இழுத்தடித்துக் கடைசியில் இடுப்பை ஓர் அங்குலம் சிறிதாக்கிக் கொடுத்திருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அதைப் பெரிய வீரமென்று நினைத்தேன். சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வானொலிச் செய்தி கேட்பேன். செய்தி முடிந்தபோது என்ன கறி சாப்பிட்டேன் என்று தெரியாது. உன் அம்மா ஒருநாள் வேண்டுமென்றே கறியில் உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தாள். நான் முழுவதையும் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினேன்.

உன் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை நினைவிருக்கிறதா? நான் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தேன். சைக்கிள் பின்கதிரையில் உனக்கு இருக்கக் குஷன்கூடத் தைத்திருந்தேன். விடியற்காலையில் ஒரு தலைவர் வருகிறார் என்று தகவல் வந்தது. மேடைக்குத் துணி கட்ட ஆள் இல்லை, இதோ வந்துவிடுவேன் என்று போனேன். தலைவர் மத்தியானம்தான் வந்தார். நீ வாசலில் பென்சில் பெட்டியோடு நின்றிருக்கிறாய். உன் மாமா எங்கேயோ வேலைக்குப் போகிற வழியில் உன்னைக் கண்டு, சீமெந்து படிந்த சாரத்தோடேயே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கி, பரீட்சை முடியும் வரைக்கும் அங்கே மரத்தடியில் இருந்திருக்கிறான். அன்றைக்கு அவனுக்கு வேலை போனது. அதைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீதான் சொன்னாய். நீ சொன்னதையும் நான் சரியாகக் கேட்கவில்லை. அந்தத் தலைவர் என்ன பேசினார் என்பதை உன் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். இதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

இனி மதில். ஒன்பது வருடத்துக்கு முன், நீ வாழைச்சேனையில் வேலை பழகப் போயிருந்த சமயம். தெருப்பக்கத்து மதில் உப்புக் காற்றில் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. தருமு அப்போது கல்யாணம் முடித்து வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் பெண்வீட்டில் இருந்தான். வயல் வேலை இல்லாத நாளாகப் பார்த்து வந்து, பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, முழு மதிலையும் புதிதாகப் பூசிவிட்டுப் போனான். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. மூன்றாம் நாள் விடிய நான் எழும்பிப் பார்த்தேன். எனக்கு அதில் மதில் தெரியவில்லை. தெருவிலேயே போஸ்டர் ஒட்டுவதற்குத் தோதான இடம் தெரிந்தது. ஒரு வாளிப் பசை காய்ச்சி, எங்கள் வேட்பாளரின் முகத்தை வரிசையாகப் பதினான்கு தரம் ஒட்டினேன். கடைக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் நின்று அழகு பார்த்தேன்.

ஏழு மணியளவில் தருமு சைக்கிளில் வந்தான். மதிலைப் பார்த்தான். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே விழவிட்டுவிட்டு ஓடிப்போய்ப் போஸ்டரைப் பிடித்துக் கிழிக்கத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. கிழித்த காகிதத்தோடு பூச்சும் துண்டு துண்டாக வந்து விழுந்தது. கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. அவனுடைய பெண்வீட்டுக்காரர் மற்றப் பக்கத்துக்கு ஆதரவு என்று ஊரில் பேச்சு. அதை வைத்து நானே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டேன். தெருவில் நின்று கத்தினேன். "இது என்ட வீடு! என்ட மதில்! உன்ட ஆள்ட படத்த உன்ட வீட்டில கொண்டுபோய் ஒட்டு!" அவன் கையில் கிழிந்த காகிதத்தோடு என்னைப் பார்த்தான். வாசல் குழாயில் கையைக் கழுவிவிட்டுச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். உன் அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் ஒரு கல்கூட என்னுடையதில்லை என்பதை அவள் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் ஒரு நாள் சண்டையோடு முடிந்திருக்கும். மழைக்குப் போஸ்டரெல்லாம் கரைந்து போனபிறகு, பாதி பெயர்ந்த மதிலுக்கு ஆள் பிடித்து வேலை செய்விக்கப் போனேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள். "கட்டினவன் வந்து பூசட்டும். மத்தவங்க ஆரும் அதில கை வைக்கப்படா." அவ்வளவுதான். ஒன்பது வருடம் அந்த மதில் அப்படியே நின்றது. நீ வரும்போதெல்லாம் இதை ஏன் இப்படி விட்டிருக்கிறீர்கள் என்று கேட்பாய். நான் ஏதாவது சாக்குச் சொல்வேன். உன் அம்மா மட்டும் நல்லநாள் பெருநாளுக்குத் தம்பி வீட்டுக்குப் போய் வருவாள். வந்து என்னிடம் எதுவும் சொல்லமாட்டாள். நானும் கேட்கமாட்டேன்.

அடுத்ததைச் சிரித்துக்கொண்டு வாசிக்கலாம். ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் கடையில் பேப்பரை விரித்தேன். என் மதிலில் பதினான்கு தரம் சிரித்த மனிதரும், அவருக்கு எதிராக நின்றவரும் ஒரே மேடையில், ஒரே மாலைக்குள் கழுத்தை விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒரே பட்டியலில் தேர்தல் கேட்கப் போகிறார்களாம். இரண்டு பேரும் தோளில் கைபோட்டிருந்தார்கள். அவர்களுடைய மதில்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே பெடலை மிதித்து, ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடையில் கையையும் கழுத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். அதைப் பிரித்தெடுக்க ஒரு மணித்தியாலம் ஆனது. பிரித்துக்கொண்டிருந்தபோது அழுகை வந்தது.

ஆனாலும் நான் உடனே திருந்தவில்லை. வேறு ஆட்களைப் பிடித்துக்கொண்டேன். போன் வந்தது. முன்பு செய்தி ஒரு நாளைக்கு மூன்று தரம் வரும். இப்போது மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் வந்தது. முகம் தெரியாத ஒருவனுக்குப் பதில் எழுதிக்கொண்டு கடையில் இருப்பேன். தைக்கத் தந்தவர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். நெஞ்சு படபடக்கும், ஊசியில் நூல் கோக்க வராது. கிளினிக்கில் அந்தப் பெண் டொக்டர் பிரசர் பார்த்துவிட்டு, "ஐயா, வீட்டில என்ன பிரச்சினை?" என்று கேட்டார். நான் நாட்டு நிலைமையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, "நாட்டுக்கு நான் மருந்து எழுதேலாது. உங்களுக்கு எழுதுறன். வீட்டில எப்பிடி எண்டு சொல்லுங்க" என்றார். வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. அது என்னைப் பயமுறுத்தியது.

அன்றைக்குத்தான் ஒதுங்கத் தொடங்கினேன். லேசாக இருக்கவில்லை. போனை மெசின் லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். பொழுதுபட ஒரு தரம் செய்தி பார்ப்பேன், அவ்வளவுதான். கடையில் யாராவது பேச்சைத் தொடங்கினால் மெசினை மிதிப்பேன். பழைய மெசின், அந்தச் சத்தத்துக்கு மேல் எந்தக் கொள்கையும் எடுபடாது. பழைய கூட்டாளிகள் நான் பயந்துவிட்டேன் என்றார்கள். ஒருவர் என்னை யாரோ வாங்கிவிட்டார்கள் என்று சந்தியில் நின்று சொன்னார். நீயும் போனில் கேட்டாய், "அப்பா, நீங்களே இப்பிடி வாயப் பொத்திக்கொண்டு இரிந்தா மறுகா ஆரு கதைக்கிற?" அது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது. அதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். இந்தக் கரையில் பிறந்தவனுக்கு அரசியல் வேண்டாத சங்கதி என்று நான் சொல்லமாட்டேன். காணி, மொழி, தொழில், இன்னும் வீடு திரும்பாத பிள்ளைகள், எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. தேர்தல் வந்தால் விடியவே குளித்துவிட்டு வரிசையில் போய் நின்று, நன்றாக யோசித்துப் புள்ளடி போடுகிறேன். போன மாரிக்கு நம் ஒழுங்கையில் வெள்ளம் நின்றபோது, வடிகானை வெட்டச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியதும் நான்தான். வெட்டினார்கள். அதற்கு ஒரு போஸ்டரும் தேவைப்படவில்லை. நான் விட்டது ஒன்றைத்தான். என் சோற்றுக் கோப்பைக்குள்ளும் படுக்கைக்குள்ளும் அரசியலை வரவிடுவதை. எதிரே நிற்கிற மனிசன் ஆர் என்று பார்க்கும் முன்னே, அவன் எந்தப் பக்கம் என்று பார்ப்பதை. அதை விட்டபிறகு நித்திரை வந்தது. கறியில் உப்புக் குறைந்தால் தெரிந்தது. உன் அம்மா வேலை செய்யும்போது மெல்லப் பாடுகிற பழக்கம் உள்ளவள் என்பதைக் கல்யாணம் முடித்து இருபத்தெட்டு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். கேட்டால், எப்போதும் பாடுகிறேன், உங்களுக்குத்தான் செய்தி ஓடிக்கொண்டிருந்தது என்கிறாள்.

இவ்வளவு நிம்மதி வந்தும் ஒரு மூலையில் முள் இருந்தது. அரசியலைவிட்டு வெளியே வந்த மனிசன், ஒரு மச்சானிடம் போகமுடியாமல் இருந்தேன். ஒவ்வொரு நாளும் அந்த மதிலைத் தாண்டித்தான் கடைக்குப் போனேன். வியாழக்கிழமை அந்தப் போன் வந்தது. சுதன் தோழனாக நிற்கமாட்டான் என்று கேட்டவுடன், வாசற்குழாயில் கை கழுவிக்கொண்டு நின்ற தருமுதான் என் கண்ணுக்குள் வந்தான். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று யோசித்தேன். முதலில் நான் போய்வர வேண்டும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை குருக்கள்மடத்துக்குப் போய், வாவியைக் கடக்கப் பாதை மிதவையில் ஏறினேன். சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் ஆட்களுமாக அந்த மிதவை நிறைந்திருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. அக்கரை வருவதற்குள் என்ன பேசுவது என்று பத்துத் தரம் ஒத்திகை பார்த்தேன். அவன் வீட்டில் இல்லை, வயல் வட்டைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். வரம்பு வழியே நடந்தேன். சேற்றில் செருப்பு ஒன்று போய்விட்டது. தூரத்தில் மண்வெட்டியோடு நின்றவன் நிமிர்ந்து பார்த்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "தருமு, மகனுக்குக் கல்யாணம்" என்றேன்.

"தெரியும். அக்கா சொன்னவ." மண்வெட்டியை வரம்பில் குத்தினான். "ஏன் ஒத்தக் கால்ல செருப்போட வாறீங்க, அத்தான்?"

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த 'அத்தான்' காதில் விழுந்தது. வரம்பிலேயே இருந்துவிட்டேன். சொல்ல வந்ததைச் சொன்னேன். "அண்டைக்கு நான் சொன்னது பிழ, தருமு. நீ எந்தக் கட்சியா இரிந்தா எனக்கென்ன. உனக்குப் பிடிச்ச ஆள்ட எதிரிய ஒட்டினது..."

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "எந்தக் கட்சி? எனக்குப் பிடிச்ச ஆளா? ஆரு?"

"நீ போஸ்டரக் கிழிச்சியே."

"அத்தான், அதில இரிந்த ஆள் ஆரெண்டே நான் பாக்கல்ல. அந்த முற நான் வோட்டும் போடல்ல. வட்டைக்குத் தண்ணி விட்ட நாள். நான் வந்தது மதிலுக்குத் தண்ணி அடிக்க. புதுப்பூச்சு, ஒரு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் நனைக்கோணும். நனைக்காட்டி வெடிச்சிரும். ரெண்டு நாளா வெள்ளன வந்து நனைச்சிட்டுப் போனன், நீங்க எழும்பல்ல. மூணாம் நாள் வந்து பாத்தா ஈரப் பூச்சில பசையப் பூசி, முழுசா மூடி வெச்சிரிக்கி. எனக்கு நெஞ்சு வெடிச்ச மாதிரி இரிந்திச்சி. சுறுக்காக் கிழிச்சா பூச்சக் காப்பாத்தலாம் எண்டு கிழிச்சன்."

பார்த்தாயா, மகன். ஒன்பது வருடம் நான் ஓர் எதிர்க்கட்சிக்காரனோடு பேசாமல் இருந்தேன். அங்கே எதிர்க்கட்சிக்காரன் இருந்ததே இல்லை. தன் அக்காவின் மதில் வெடிக்கக் கூடாதென்று விடியப் பாதை ஏறி வந்த ஒரு மேசன்தான் இருந்தான். என் தலைக்குள் அரசியல் அவ்வளவு நிறைந்து கிடந்ததால் என் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை. "அப்ப ஏன்டா அண்டைக்கே சொல்லல்ல?" என்று கேட்டேன். அவன் குனிந்து மண்வெட்டியின் சேற்றை வழித்தான். "உங்கட வீடு எண்டு சொன்னீங்களே. மறுகா நான் என்னத்தச் சொல்ற?" என்றான். அவன் விரலில் என் கல்யாணத்தில் நான் போட்ட மோதிரம் இருந்தது. முப்பத்திரண்டு வருடச் சீமெந்தும் சேறும் ஏறி, தங்கம் என்று சொன்னால்தான் தெரியும். கழற்ற வராது என்று சிரித்தான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன். வயலுக்குள் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் போயின.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். சாந்துக் கரண்டியும் மட்டப்பலகையும் ஒரு சாக்கில். உன் அம்மா வாசலில் நின்று பார்த்தாள், உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டாள். பிறகு உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. நான் சாந்து குழைத்தேன், அவன் பூசினான். குழைக்கத் தெரியவில்லை என்று பத்துத் தரம் ஏசினான். வேலை முடிகிற நேரம் இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் வந்து நின்றார்கள். பின்னால் இருந்தவர் மடியில் பசை வாளி. அடுத்த தேர்தலுக்கு. மதிலைப் பார்த்த பார்வையை எனக்குத் தெரியும், ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் பார்த்தேன். "ஐயா, காஞ்ச உடன ரெண்டு ஒட்டலாமா? நம்மட ஆள்தான்" என்றார்கள். உண்மையில் அவர்கள் சொன்ன ஆளுக்குத்தான் இந்த முறையும் புள்ளடி போடுவேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் சாந்துக் கையோடு நிமிர்ந்து சொன்னேன், "தம்பிமார், இது என்ட மதில் இல்ல. என்ட மனிசிட மதில். கட்டினவர் இந்தா நிக்கிறார், அவரிட்டக் கேளுங்க." தருமு திரும்பிப் பார்க்காமலே கரண்டியை இழுத்துக்கொண்டிருந்தான். அவன் தோள் சிரிப்பில் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அவர்கள் போய்விட்டார்கள்.

ஆகவே, மகன், நீ நிரோசா வீட்டுக்குப் போகுமுன் இதைச் செய். சுதனிடம் போ. போனில் எழுதாதே, அவன் படகு கட்டுகிற ஜெட்டிக்கு நேரே போ. அவன் தலைவர் நல்லவரா கெட்டவரா என்று பேசப் போகாதே. நீ எழுதியது பிழை என்று மட்டும் சொல். அவன் என்ன காரணத்துக்காக அந்தக் கூட்டத்துக்குப் போனான் என்று உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒருவேளை அவன் உன்னைவிடத் தெளிவாக யோசித்திருக்கலாம், ஒருவேளை ஒரு நண்பன் கூப்பிட்டதால் போயிருக்கலாம். ஒன்பது வருடம் கழித்து எங்கோ ஒரு வரம்பில் இருந்து அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதே. நாளைக்கே கேள். அவன் ஏசினால் ஏசட்டும். நீ எழுந்து வராதே. உனக்கு வாக்கும் கொள்கையும் இருக்கட்டும். அந்த வீட்டுக்குள் போகும்போது அவற்றைச் செருப்போடு வாசலில் விட்டுப் போ. வெளியே வரும்போது பத்திரமாக அங்கேயே இருக்கும், ஒருவரும் களவெடுக்க மாட்டார்கள்.

உன் மாமா மதிலை ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் நனைக்கச் சொல்லியிருக்கிறான். இந்த முறை நான்தான் நனைக்கிறேன். விடியவே எழும்பிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் தருமு குடும்பத்தோடு வந்து தங்குவான், நம் பக்கத்தில் மாமன் செய்ய வேண்டியதெல்லாம் அவன்தான் செய்வான். அதற்கு முன், வருகிற ஞாயிறு நீ சட்டை சரிபார்க்க வருவாய்தானே. தனியாக வராதே. சுதனையும் கூட்டிக்கொண்டு வா. அவனுக்கும் ஒரு சட்டை தைக்க வேண்டும், அளவு எடுக்க விரலையும் கொண்டுவரச் சொல், மோதிரத்துக்கு. இருவரும் உள்ளே வரும்போது மட்டும் கவனம். மதிலில் சாயாதீர்கள், இன்னும் ஈரம்.

அன்புடன்,
அப்பா